பதவி உயர்வு தவறியதற்குக் காரணம் உங்கள் ஆங்கிலம்தானா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பைன்டவுனில் ஒரு பிளாஸ்டிக் பொதியல் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பொறியாளராக வேலை செய்வதாகவும், மேற்பார்வையாளர் பதவி இரண்டு முறை உங்களைத் தாண்டி வேறொருவருக்குப் போய்விட்டதாகவும், காரணம் கேட்டபோது ‘தொழில் அறிவில் குறையில்லை, தொடர்புத் திறனும் தலைமைப் பண்பும் போதவில்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கம் தமிழ்வழியில் படித்தவர் என்பதால், ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்தால் இந்தக் குறை தீர்ந்துவிடுமா என்பது உங்கள் கேள்வி. டர்பன் வட்டாரத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வகுப்பில் சேருவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதுவே முதல் வேலை என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டுக்கு ஆட்சிமொழிகள் 12. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. தலைமுறை தலைமுறையாக டர்பனில் வாழும் நம்மவர்களுக்கு ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்டது என்பதால் அவர்களோடு ஒப்பிட்டு நீங்கள் கூசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் உற்பத்தி மேலாளர் வீட்டில் ஆஃப்ரிகான்ஸ் பேசுபவராக இருக்கலாம். இயந்திரத்தை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் சூலு மக்களின் மொழியான இசிசூலு பேசுபவர்கள். ஆக, தொழிற்கூடத்தில் பாதிப்பேர் இரண்டாம் மொழியில்தான் காலம் தள்ளுகிறார்கள். இலக்கணம் பிசகியதற்காக ஒருவரை மேற்பார்வையாளர் பதவிக்கு வேண்டாமென்று ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை. நீங்கள் சொன்னதை வைத்து மேலே இருப்பவரால் முடிவெடுக்க முடிகிறதா, கீழே இருப்பவரால் மறுகேள்வி கேட்காமல் வேலையைச் செய்ய முடிகிறதா என்பதைத்தான் தேர்வுக் குழு ‘தொடர்புத் திறன்’ என்று எழுதி வைக்கிறது. இது மொழியைக் காட்டிலும் பழக்கத்தைச் சேர்ந்த விஷயம்.

எனவே முதலில் உங்கள் மேலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ‘என்னிடம் என்ன குறை?’ என்று கேட்டால், மனம் நோகக்கூடாதென்று பொதுவாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். ‘கடந்த மூன்று மாதத்தில் எந்தச் சந்தர்ப்பத்தில் நான் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம், அல்லது செய்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியது?’ என்று கேளுங்கள். சந்தர்ப்பத்தைக் கேட்கும்போது பதிலும் சந்தர்ப்பமாகவே வரும். வந்ததை மறுக்காமல், விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள். அப்படி இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் கையில் கிடைத்துவிட்டால் எந்தப் பயிற்சி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் பொதுவாகத் ‘திறன் வளர்க்க’ இறங்குவது, நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து வாங்குவதாகத்தான் முடியும்.

அந்தப் பதில் வரும்வரை, பொறியாளர்களிடம் நான் மிகுதியாகக் கண்ட பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்வது நம் வழக்கம். ‘காலையில் இரண்டாவது வரிசையில் ஒரு சத்தம் வந்தது. கவரைத் திறந்து பார்த்தோம். முதலில் பெல்ட் என்று நினைத்தோம். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கியர்பாக்ஸைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருந்தது...’ கேட்பவருக்கு நாலாவது வாக்கியத்திலேயே கவனம் சிதறிவிடும். தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அதே செய்தியை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘இரண்டாவது வரிசையை இன்று மாலை 4 மணிக்கு நிறுத்த உங்கள் அனுமதி வேண்டும். கியர்பாக்ஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. இன்று நிறுத்தினால் மூன்று மணி நேர உற்பத்தி போகும். நிறுத்தாமல் ஓட்டி, தண்டு உடைந்தால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புதியது வர இரண்டு நாள் ஆகும். மாற்று பேரிங் கையில் இருக்கிறது.’ இதில் கடினமான ஆங்கிலம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். என்ன வேண்டும், ஏன் வேண்டும், செய்தால் என்ன செலவு, செய்யாவிட்டால் என்ன செலவு என்ற நான்கும் முதல் அரை நிமிடத்தில் வந்துவிட்டன. சத்தம், பெல்ட், சூடு ஆகியவற்றை அவர் கேட்டால் சொல்லலாம், பெரும்பாலும் கேட்கமாட்டார். மின்னஞ்சலுக்கும் இதே முறைதான். முதல் வரியைப் படித்துவிட்டு மூடினாலும் அவருக்குச் செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

கெட்ட செய்தியை எப்போது சொல்கிறீர்கள் என்பதை மேலதிகாரிகள் மிகக் கூர்மையாகக் கவனிப்பார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில், எப்படியாவது சரிசெய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருப்போம். அதை அடக்கம் என்றுகூட நினைப்போம். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, ஜோகன்னஸ்பர்க்கையும் டர்பனையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது, உதிரிபாகங்களோடு புறப்பட்ட லாரிகள் மலைமேல் நின்றுவிட்டன. லாரி எப்போது வருமென்று அன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ‘இன்றிரவு வராது, நாளைக் காலை 10 மணிக்கு மறுபடியும் நிலவரம் சொல்கிறேன், அதுவரை மூன்றாவது வரிசையை மட்டும் ஓட்டலாம்’ என்று சொல்ல முடியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்து எப்போது பேசுவேன் என்று கடிகார மணியைக் குறிப்பிடுகிறவரை மேலாளர் இரவில் தொலைபேசியில் தொந்தரவு செய்வதில்லை. ‘வந்துவிடும் சார்’ என்று சொன்னவரைத்தான் மணிக்கொரு தரம் கூப்பிடுவார்.

ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பராமரிப்புத் துறையில் உங்களை எடைபோடும் இடம் அதுதான். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய், எரிவாயு மேடை தீப்பற்றி 167 பேர் இறந்தார்கள். பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றி, திறந்திருந்த குழாய் வாயைத் தற்காலிகமாக ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்கு வாய்மொழியாகப் போய்ச் சேரவில்லை. அனுமதிச் சீட்டு என்னவோ எழுதப்பட்டுத்தான் இருந்தது, ஆனால் ஓட்ட வேண்டியவர்களின் கண்ணில் படவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றுவிடவே, இதை ஓட்டலாம் என்று நினைத்து இயக்கினார்கள். வாயு கசிந்து வெடித்தது. அங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எழுதிவைத்தவர் தம் கடமை முடிந்தது என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்.

உங்கள் தொழிற்சாலையில் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் முன் அடுத்து வருபவரை இயந்திரத்தின் பக்கத்திலேயே சந்தித்து, எது பாதியில் நிற்கிறது, எதைத் தொடக்கூடாது, எதைக் கண்காணிக்க வேண்டும் என்ற மூன்றையும் விரலால் சுட்டிக் காட்டிச் சொல்லுங்கள். பிறகு ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். உலகம் முழுவதும் அதற்குக் கிடைக்கும் பதில் ‘ஆமாம்’ ஒன்றுதான். ‘முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் ஓட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எழுதியதையும் வாயால் சொல்லுங்கள் என்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன் என்பது ஒப்படைப்பு ஆகாது. நாற்பது பேர் இருக்கும் குழுவில் போட்ட செய்தியை யாரோ படித்திருப்பார்கள் என்றுதான் நாற்பது பேரும் நினைப்பார்கள்.

இனி உங்களோடும் உங்கள் கீழும் வேலை செய்பவர்கள். இந்தக் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் வேலையை ஆரம்பிக்கும் முன் முகமன் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வருவது அவமதிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். ‘சாவுபோனா’ என்று சொல்லி, ‘யெபோ’ என்று பதில் வந்து, நலம் விசாரித்த பிறகுதான் ஸ்பானரைப் பற்றிப் பேச வேண்டும். மொத்தம் இருபது நொடிகூட ஆகாது. வயதில் மூத்த ஆணை ‘பாபா’ என்றும், பெண்ணை ‘மாமா’ என்றும் அழைப்பது இங்கே மரியாதை. இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்கும் நமக்கு இது எளிதாகவே கைவரும். பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டிய ஒலிகள் முதலில் வராது. முயற்சி செய்வதை அவர்களே ரசித்துத் திருத்துவார்கள். பழைய ஆட்கள் யாராவது உங்களுக்கு ஃபனகலோ கற்றுத்தர முன்வந்தால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் முதலாளி வேலைக்காரனுக்குக் கட்டளையிடப் பயன்பட்ட கலப்பு மொழி அது. அதை இன்று பேசினால் கேட்பவருக்குப் பழைய காலம்தான் நினைவுக்கு வரும். கொச்சையாக இருந்தாலும் உண்மையான இசிசூலுவில் பத்து வாக்கியம் போதும்.

பேசும்போது ஒருவர் உங்கள் கண்ணைப் பார்க்காமல் கீழே பார்க்கிறார் என்றால், அவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். சூலு மரபில் மேலே இருப்பவரை நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு. நம் பாட்டன்மார் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதேபோல் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1973 ஜனவரி 9 அன்று டர்பனில் கொரனேஷன் செங்கல், ஓட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திடலில் கூடினார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிரதிநிதிகளை அனுப்பச் சொன்னபோது மறுத்துவிட்டார்கள். முன்னால் வந்து நிற்பவன்தான் முதலில் வேலை இழப்பான் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அடுத்த சில வாரங்களில் நகரமெங்கும் பல பத்தாயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதுவரை எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று நம்பிய மேலாளர்கள் எத்தனை பேரோ! காலம் மாறி, தொழிற்சங்கங்கள் வலுவாக வந்துவிட்டாலும், கூட்டத்தில் எழுந்து ‘இது சரிப்படாது’ என்று சொல்ல இன்றும் பலர் தயங்குவார்கள். ‘யாருக்காவது கேள்வி உண்டா?’ என்று கூட்டத்தில் கேட்டுவிட்டுத் திரும்பினால் உங்களுக்கு எதுவும் தெரியவராது. தனியாக, நடந்துகொண்டே, ‘இந்த முறையில் எந்த இடத்தில் சிக்கல் வரும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் வரும்.

தலைமை என்பதைப் பதவி கொடுத்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று நீங்கள் எண்ணுவது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. தேர்வுக் குழு அதற்கு நேர்மாறாக நினைக்கும்: பதவி இல்லாதபோதே உங்கள் பேச்சை யார் கேட்கிறார்கள் என்று பார்க்கும். இதற்கு இந்த மண்ணிலேயே நம்மவர் காட்டிய உதாரணம் உண்டு. 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து ஒரு பெண்கள் குழு, அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், நியூகாசல் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் அங்கிருந்த இந்தியத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். அவர்களுக்குப் பதவியும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஒப்பந்தக் கூலிகளாக வந்து ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலைக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த 3 பவுண்டு வரியைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் மடியிலும் கைவைத்த விஷயம் அது. சுரங்கங்கள் நின்றன, வேலைநிறுத்தம் நேட்டால் கரும்புத் தோட்டங்கள் வரை பரவியது, 1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை நீக்கியது. உங்களைப் போராட்டம் நடத்தச் சொல்லவில்லை. எல்லோரையும் தினமும் உறுத்துகிற, யாரும் பொறுப்பேற்காத ஒன்றைக் கண்டுபிடித்துக் கையில் எடுங்கள் என்கிறேன். இரவு ஷிஃப்டில் உதிரிபாகக் கிடங்கின் சாவி யாரிடம் என்று தெரியாமல் அரை மணி நேரம் தேடுவது போன்ற ஒன்று உங்கள் தொழிற்சாலையிலும் கட்டாயம் இருக்கும். அதைக் கிடங்குப் பொறுப்பாளரோடும் பாதுகாப்பு ஊழியரோடும் பேசித் தீர்த்து வையுங்கள். மூன்று துறைகளைப் பேசி இணங்கவைத்தவர் என்ற பெயர், நேர்முகத் தேர்வில் சொல்லும் எந்த வாசகத்தையும்விட எடை கூடியது.

அடுத்ததைச் சொன்னால் வருத்தப்படக்கூடாது. கைத்திறன் உள்ள பொறியாளருக்கு அந்தத் திறனே தடையாகிவிடுவது உண்டு. உதவியாளர் பத்து நிமிடம் தடுமாறினால் உங்களுக்குப் பொறுக்காது. ஸ்பானரைப் பிடுங்கி நீங்களே முடித்துவிடுவீர்கள். இயந்திரம் ஓடும், எல்லோரும் பாராட்டுவார்கள், உங்களை அந்த இடத்தை விட்டு எடுத்தால் வேலை நின்றுவிடும் என்ற எண்ணம் மேலாளருக்கு வலுப்படும். பிறகு எப்படிப் பதவி உயர்த்துவார்? ஒரு வேலையைக் கொடுக்கும்போது, முடிவில் என்ன கிடைக்க வேண்டும், எத்தனை மணிக்குள், எந்த அளவு வரை அவரே தீர்மானிக்கலாம், எந்த நிலையில் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஆபத்து இல்லாதவரை தலையிட வேண்டாம். முடித்ததும், மேலாளரிடம் ‘நாங்கள் முடித்தோம்’ என்று சொல்லாமல், யார் முடித்தாரோ அவர் பெயரைச் சொல்லுங்கள். இதற்குச் செலவில்லை, ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

கண்டிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்கூடத்தில் எல்லோர் முன்னிலும் ஒருவரைச் சத்தம் போடுவது சில ஊர்களில் தலைமையின் அடையாளமாக இருக்கலாம். இங்கே அது புகாராக முடியும். 1995-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி தொழிலாளி தன் குறையை முறையாக எழுப்பவும், ஒழுங்கு விசாரணையில் ஷாப் ஸ்டூவர்டின், அதாவது தொழிற்கூடத்தில் உள்ள தொழிற்சங்கப் பிரதிநிதியின், உதவியைப் பெறவும் வழி உண்டு. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்திடம் போகலாம். அதனால் தவறு நடந்தால் தனியே அழைத்து, என்ன நடந்தது, எது விதி, இனி என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்லி, தேதியோடு குறித்து வைப்பவரைத்தான் நிர்வாகம் நம்பி ஆட்களை ஒப்படைக்கும். ஷாப் ஸ்டூவர்டை எதிரியாகப் பார்க்காதீர்கள். பிரச்சினை இல்லாத நாளில் அவரோடு ஒரு டீ குடித்து வைத்தால், பிரச்சினை வரும் நாளில் பேச்சு எளிதாகத் தொடங்கும்.

கூட்டத்தில் பேசுவதற்கு வருகிறேன். உங்களுக்கு அதில் கூச்சம் மிகுதி என்று எழுதியிருக்கிறீர்கள். மேடைப்பேச்சைப் பழக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றில் சேருங்கள். 1924-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இயக்கம், டர்பனிலும் கிளைகள் உண்டு. தயாரித்துப் பேசும் உரைக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம், திடீரெனக் கொடுக்கும் தலைப்புக்கு 1 முதல் 2 நிமிடம் என்று நேரம் வைத்துப் பேசச் செய்வார்கள். நீங்கள் எத்தனை முறை ‘ஆ... ஊ...’ என்று இழுத்தீர்கள் என்று எண்ணவே ஒருவர் இருப்பார். ஆங்கில வகுப்பைவிட இது உங்களுக்குப் பயன்படும் என்பது என் கணிப்பு. தொழிற்சாலைக் கூட்டங்களில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு முறையாவது வாயைத் திறந்துவிடுங்கள், ஓர் எண்ணைச் சரிபார்ப்பதாக இருந்தாலும் போதும்; நேரம் போகப் போகத் திறப்பது கடினம். நம் ஆட்கள் ஆங்கிலத்தை வேகமாகப் பேசுவோம், பதற்றத்தில் இன்னும் வேகமாக. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் உச்சரிப்பைப் பற்றி யாரும் புகார் சொல்லமாட்டார்கள்.

ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். இரண்டு முறை பதவி கிடைக்காததற்கு உங்கள் திறன் மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்படி நிறுவனங்கள் பின்தங்கவைக்கப்பட்ட பிரிவினரின் எண்ணிக்கையை ஒவ்வொரு பதவி நிலையிலும் உயர்த்தத் திட்டமிட வேண்டும். இந்நாட்டு இந்திய வம்சாவளிக் குடிமக்கள் அந்தப் பிரிவில் சேருவார்கள். வேலை விசாவில் வந்த நீங்களும் நானும் பொதுவாகச் சேரமாட்டோம். இந்த நாட்டின் வரலாற்றை அறிந்தவர் அந்தச் சட்டத்தோடு சண்டைக்குப் போகமாட்டார். ஆனால் மனிதவளத் துறையிடம், ‘இந்த நிலையில் எனக்கு வாய்ப்பு உண்டா, அல்லது தொழில்நுட்ப வல்லுநர் என்ற வழியில் உயர்வது எளிதா?’ என்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. ஆட்களை நடத்தாமலே மூத்த பொறியாளர் நிலைக்குப் போகும் பாதை பல நிறுவனங்களில் இருக்கிறது.

பயிற்சிக்குச் சொந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் நிறுவனத்திலும் விசாரியுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளப் பட்டியல் உள்ள முதலாளிகள் அதில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகிறார்கள். அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற, அந்த ஆண்டுக்கான பயிற்சித் திட்டத்தைத் தம் துறைக்குரிய பயிற்சி ஆணையத்திடம் ஏப்ரல் 30-க்குள் கொடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தைத் தயாரிப்பவர் உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார், அல்லது வெளியிலிருந்து வந்து போவார். மேற்பார்வையாளர் பயிற்சிக்கு உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று பிப்ரவரி, மார்ச்சிலேயே அவரிடம் எழுத்தில் கேளுங்கள். மே மாதத்தில் கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்.